வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு உட்பட்ட குடியிருப்பில் வீடு வாங்கலாமா?

கேள்வி: கண்டாவளையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளையில் வசிக்கிறேன். என்னுடைய தம்பி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு மேற்கேயுள்ள கேட்டி என்னும் பகுதியில், மனைவி பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் இருக்கிறார். இப்போது சொந்த வீடு வாங்க முயல்கிறார். அம்மாவையும் அங்கே அழைத்துத் தங்களுடன் வைத்திருப்பதற்கான ஒழுங்குகள் நடக்கின்றன. இனி வரும் காலத்தை அம்மா அந்த வீட்டில்தான் கழிக்கப் போகிறார் என்பதால், முடிவெடுக்கும் முன் என்னுடைய கருத்தையும் தம்பி கேட்டிருக்கிறார்.

அவர் பார்த்து வைத்திருக்கும் வீடுகள் இரண்டு. ஒன்று புதிய குடியிருப்பில் உள்ளது. அங்கே வீடு வாங்குபவர் எவரும் வீட்டு உரிமையாளர் சங்கத்தில் கட்டாயமாக உறுப்பினராகி, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். மற்றது சங்கம் எதுவும் இல்லாத பழைய தெருவில் இருக்கிறது. வீடு சிறியது, வளவு பெரியது. முதல் வீட்டின் நிபந்தனைப் பத்திரத்தைத் தம்பி எனக்கு அனுப்பியிருந்தார். வீட்டின் முன்பக்கத்தில் வேலி போடக் கூடாது, சுவருக்குப் பூசும் நிறத்துக்கு முன் அனுமதி பெற வேண்டும், குப்பைத் தொட்டி தெருவுக்குத் தெரியக் கூடாது, கோழி வளர்க்கக் கூடாது என்று அது நீண்டு செல்கிறது. கதியால் வேலியும் படலையும் இல்லாத வீட்டை அம்மா கண்டதே இல்லை.

நிபந்தனையோடு வாழ்வது எங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் இருப்பது அப்பப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த பெர்மிட் காணியில். அதை நினைத்தபடி விற்கவோ பிரிக்கவோ முடியாது என்பதை அறிந்தே மூன்று தலைமுறையாக இருந்து வருகிறோம். ஆனால் அது அரச காணி. அரசு நிபந்தனை விதிப்பதில் ஒரு நியாயம் தெரிகிறது. பணம் கொடுத்து உறுதி முடித்து வாங்கும் வீட்டுக்கு அயலவர்கள் கூடி நிபந்தனை போடுவது எந்த உரிமையில்? கட்டணம் நிலுவையானால் வீட்டையே ஏலத்தில் விற்கலாம் என்று அந்தப் பத்திரத்தில் உள்ளது உண்மையில் நடக்கக் கூடியதா? அத்தகைய இடத்தில் வசித்தவர்கள் அறிவுரை கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


பதில்: முள்ளியவளை – ஹூஸ்டன்

வணக்கம் அண்ணா. நான் ஹூஸ்டனுக்கு அருகே இத்தகைய சங்கமுள்ள குடியிருப்பில்தான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் தம்பி பார்த்திருக்கும் பகுதியும் எனக்குப் பழக்கமானது.

எந்த உரிமையில் என்று கேட்டிருந்தீர்கள். காணியைப் பிரித்து வீடு கட்டி விற்கும் நிறுவனம், முதலாவது வீட்டை விற்பதற்கு முன்பே இந்த நிபந்தனைகளை எழுதி மாவட்டக் காணிப் பதிவில் பதிந்து விடுகிறது. அதன் பிறகு அவை ஆளோடு அல்ல, காணியோடு செல்கின்றன. எத்தனை கை மாறினாலும், வாங்குபவர் அவற்றையும் சேர்த்தே வாங்குகிறார். ஹூஸ்டனில் இது இவ்வளவு பரவலாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எங்கே தொழிற்சாலை என்று வகுக்கும் வலயச் சட்டம் அந்த நகரத்தில் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நாளைக்கு ஒரு வாகனத் திருத்தகம் வராமல் தடுப்பது பெரும்பாலும் உறுதியில் உள்ள இந்த நிபந்தனைகள்தான். ஆகவே அவற்றை வெறும் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது.

ஏலம் விடுவது பற்றி எழுதியிருப்பது உண்மையே. ஆனால் டெக்சாஸ் மாநிலச் சொத்துச் சட்டத்தின் 209ஆம் அத்தியாயம் அதற்குச் சில தடைகளை வைத்திருக்கிறது. விதிமீறலுக்கு விதித்த தண்டப்பணமும் அதற்கான சட்டத்தரணிச் செலவும் மட்டுமே நிலுவையில் இருந்தால், அதற்காக வீட்டை விற்க முடியாது. ஆண்டுக் கட்டணம் போன்ற அறவீடு நிலுவையில் இருந்தால் விற்கலாம். அப்போதும் வீட்டுக்காரர் எழுத்தில் விட்டுக்கொடுத்தாலன்றி நீதிமன்ற உத்தரவு தேவை. 14 வீடுகளுக்கு மேலுள்ள சங்கங்கள் நிலுவையைத் தவணையாகக் கட்ட வழி செய்து கொடுக்க வேண்டும். விற்ற பிறகும், விற்பனை பற்றிய அறிவித்தலைச் சங்கம் அனுப்பிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் உரிய தொகையைக் கட்டி வீட்டை மீட்கலாம். தண்டப்பணம் விதிக்குமுன் எழுத்தில் அறிவித்து, திருத்தக் கூடிய குறையென்றால் திருத்த அவகாசமும் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்குள் விசாரணை கோரும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. கடிதம் வரும்போது அதைத் திறவாமல் மேசையில் போட்டு வைப்பவர்களே பெரும்பாலும் மாட்டிக் கொள்கிறார்கள். எனக்கு வந்த கடிதமொன்றில் என் வீட்டுக் குப்பைத் தொட்டியின் நிழற்படம், எடுத்த திகதியும் நேரமும் பொறிக்கப்பட்டு இணைக்கப்பட்டிருந்தது. அன்றே தொட்டியைப் பின்பக்கம் நகர்த்தி, மறுமொழி எழுதினேன். விடயம் அத்தோடு முடிந்தது.

என்னைக் கேட்டால், நிறமும் வேலியும் தம்பி கவலைப்பட வேண்டியவற்றில் மிகச் சிறியவை. முதலில் கேட்க வேண்டியது சங்கத்தின் ஒதுக்கு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையே. நீச்சல் தடாகம், பூங்கா, உள்வீதி, மழைநீர் தேங்கும் குளம் ஆகியவை சங்கத்தின் பொறுப்பில் இருந்தால், அவை பழுதடையும் நாளுக்கு இப்போதிருந்தே சேமித்து வைத்திருக்க வேண்டும். சேமிக்காத சங்கம் ஒருநாள் ஒவ்வொரு வீட்டின் மீதும் சிறப்பு அறவீடு ஒன்றைப் போடும். அடுக்குமாடியில் இதன் கொடூரத்தை உலகம் பார்த்தது: 2021 ஜூன் 24 அன்று புளோரிடாவின் சர்ப்சைட் நகரில் இடிந்து விழுந்த கட்டடத்தில் 98 பேர் இறந்தார்கள். அதன் திருத்த வேலைக்காக உரிமையாளர்கள் சுமார் ஒன்றரைக் கோடி டொலர் சிறப்பு அறவீட்டைக் கட்டத் தொடங்கவிருந்த வேளையில் அது நிகழ்ந்தது. தனி வீடுகளுக்கு அத்தகைய ஆபத்து இல்லை. இருந்தாலும், கட்டணத்தைக் குறைவாக வைத்து வேலையைத் தள்ளிப் போடும் பழக்கம் எந்தச் சங்கத்திலும் வரலாம். குறைந்த கட்டணத்தைக் கண்டு மகிழ வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, சங்கம் இப்போது யாருடைய கையில் இருக்கிறது என்பது. புதிய குடியிருப்பில் தொடக்க ஆண்டுகளில் நிர்வாக சபையை அமர்த்துவது கட்டி விற்கும் நிறுவனமே. காணித் துண்டுகளில் 75 வீதம் விற்கப்பட்ட பிறகு சபையில் மூன்றில் ஒரு பங்கினரையாவது வீட்டுக்காரர்கள் தெரிவு செய்ய வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் கூறுகிறது. அதுவரை பொதுக்கூட்டத்தில் நாம் கையுயர்த்துவதற்குப் பெரிய பலன் இல்லை.

கடைசியாக வெள்ளம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் செய்ததை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். அதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்டில் ஹார்வி சூறாவளியின்போது, கேட்டிப் பக்கத்தில் பார்க்கர் நீர்த்தேக்கத்தின் பின்புறத்தே கட்டப்பட்டிருந்த பல குடியிருப்புகளுக்குள் தேக்கத்து நீர் ஏறியது. நீர்த்தேக்கம் நிரம்பினால் நீர் பரவும் எல்லைக்குள்ளேயே அந்த வீடுகள் இருந்தன என்பதை அவற்றில் குடியிருந்த பலர் அன்றுதான் அறிந்தார்கள். 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, விற்பவர் இதைப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும். அந்தப் பக்கத்தைத் தம்பி வரிவரியாக வாசிக்கட்டும். புறநகர்ப் பகுதிகளில் நீர், வடிகால் வசதிகளுக்கான தனி மாவட்ட வரி ஒன்றும் உண்டு. அது சங்கக் கட்டணத்தில் சேராது. வங்கி வீட்டுக்கடனுக்குத் தகுதி பார்க்கும்போது இரண்டையும் கணக்கில் எடுக்கும்.


பதில்: வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற கமநல உத்தியோகத்தர்

கேள்வி கேட்டவருக்கும் முள்ளியவளைத் தம்பிக்கும் வணக்கம். நான் அமெரிக்கா சென்றதில்லை. ஆயினும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்புகளோடு என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சிறுபோகத்துக்கு முன் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கிறோம். அந்தத் தீர்மானம் கூட்டத்துக்கு வந்தவரையும் வராதவரையும் ஒன்றாகவே கட்டுப்படுத்துகிறது. வாய்க்கால் துப்புரவாக்க வராதவர் அதற்குரிய பணத்தைக் கட்ட வேண்டும். இவற்றை யாரும் தம் உரிமையில் தலையிடுவதாகக் கருதுவதில்லை. தலைவாய்க்காலில் ஒருவர் கூடுதலாகத் திருப்பினால் கடைசி வயல் காயும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நான் பார்த்த அமைப்புகளில் நன்றாக நடந்தவை எல்லாம், கணக்குப் புத்தகத்தைக் கூட்டத்தில் விரித்து வைத்தவை. கெட்டுப் போனவை, செயலாளரும் பொருளாளருமே எல்லாவற்றையும் பார்த்துக் கொள்ளட்டும் என்று மற்றவர்கள் வீட்டில் இருந்தவை.

ஆகவே உங்கள் தம்பியிடம் நான் கேட்கும் முதற் கேள்வி, பகல் முழுவதும் வேலை செய்து வந்து, மாலையில் நடக்கும் கூட்டத்துக்குப் போய் ஒரு மணி நேரம் இருக்க அவருக்கு மனமுண்டா என்பதே. அங்கே நிர்வாக சபைக் கூட்டங்கள் உறுப்பினருக்குத் திறந்தவை என்றும், கணக்குகளைப் பார்க்கும் உரிமை உண்டு என்றும் அதே சட்டம் சொல்வதாக என் மகன் கூறினார். அந்த உரிமையைப் பயன்படுத்துபவருக்குச் சங்கம் நல்லது. கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கி இருப்பவருக்கு அது எப்போதும் அந்நியர் நடத்தும் அதிகாரமாகவே தெரியும்.

மழைநீர் வடியும் குளத்தையும் வீதியையும் பொதுவில் பராமரிப்பதில் எனக்கு முழு உடன்பாடு. கதவின் நிறத்துக்கு அனுமதி கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதைப் பொது நன்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை.


பதில்: மல்லாவி மகள்

வணக்கம். நான் டலஸ் பக்கத்தில் இருக்கிறேன். நாங்கள் வேண்டுமென்றே சங்கம் இல்லாத வீட்டை வாங்கினோம். அதன் நன்மையும் குறையும் இரண்டையும் சொல்ல வேண்டியது என் கடமை.

சங்கம் இல்லை என்றால் விதியே இல்லை என்று பொருளல்ல. புல் எவ்வளவு உயரம் வளரலாம், கோழி எத்தனை வளர்க்கலாம், ஓடாத வாகனத்தை முன்பக்கம் நிறுத்தலாமா என்பவற்றுக்கு நகர சபையின் சட்டம் இருக்கிறது. சங்கம் இல்லாத பழைய தெருக்களிலும் உறுதியில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கலாம். அவற்றை யாரும் மேற்பார்வை செய்வதில்லை என்பதுதான் வேறுபாடு. ஆதலால் இரண்டாவது வீட்டின் உறுதியையும் தம்பி முழுமையாக வாசிக்க வேண்டும். அந்தப் பழைய நிபந்தனைகளில் சில வெட்கப்பட வேண்டியவை. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று ஒரு காலத்தில் எழுதி வைத்தார்கள். அவற்றை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று 1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் அந்த வரிகள் பல உறுதிகளில் அப்படியே கிடந்தன. இப்படிப் பிறந்த ஒரு முறை நம்மைப் போன்றவர்களை எப்படி நடத்தும் என்று அஞ்சியே நான் முதலில் விலகி நின்றேன்.

இனி உங்கள் அம்மாவைப் பற்றி. என் அம்மா எங்களோடு இருக்கிறார். பின்வளவில் முருங்கை நிற்கிறது. கடுங்குளிர் வந்தால் தண்டு வரை பட்டுப் போய் மாசியில் மீண்டும் துளிர்க்கும். பாவற்கொடிக்குப் பந்தல் போட்டிருக்கிறார். மோர்மிளகாயைச் சுளகில் பரப்பி வாசற்படியில் காய வைக்கிறார். யாரும் கடிதம் அனுப்பியதில்லை. வாசலில் கோலமும் மாவிலைத் தோரணமும் போடுவது பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். சமயச் சின்னங்களை வீட்டில் காட்சிக்கு வைப்பதைச் சங்கங்கள் தடுக்க முடியாதபடி டெக்சாஸில் சட்டம் இருக்கிறது. 2021இல் அதை மேலும் விரிவாக்கினார்கள். மழைநீர்ப் பீப்பாய், பசளைக் குழி ஆகியவற்றையும் முற்றாகத் தடை செய்ய முடியாது. கோழிதான் கைவிட வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு குறையை மறைக்க மாட்டேன். எங்கள் தெருவில் நடைபாதை இல்லை. நானும் கணவரும் வேலைக்குப் போனால் வாகனம் ஓட்டத் தெரியாத அம்மாவுக்கு வீட்டுக்கு வெளியே போக இடமில்லை. சங்கமுள்ள குடியிருப்பில் இருக்கும் என் சிநேகிதியின் மாமியார், பின்னேரமானால் குளத்தைச் சுற்றியுள்ள பாதையில் நடக்கிறார். அங்கே வாங்கில் ஆந்திரா, கேரளா, யாழ்ப்பாணம் என்று பல இடத்து அம்மாக்கள் கூடுகிறார்கள். மொழி விளங்காவிட்டாலும் கறியின் செய்முறையைக் கையால் சொல்லிக் கொள்கிறார்கள். என் அம்மா அதைக் கேட்கும்போது ஒன்றும் பேச மாட்டார். ஊரில் வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டுக்குப் போய் வந்தவருக்கு, பெரிய வளவு மட்டும் போதாது. உங்கள் அம்மா எதை அதிகம் இழப்பார், மண்ணையா மனிதரையா என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் மறுமொழிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக மதிப்புக் கொடுங்கள்.


மறுமொழி: கண்டாவளையிலிருந்து

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கச்சி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, நடக்க இடமும் கதைக்க ஆட்களும் இருந்தால் போதும், ஆனால் கறிவேப்பிலை ஒன்றாவது வைக்க விடுவார்களா என்று கேட்டார். தம்பியும் கூட்டங்களுக்குப் போகத் தயார் என்கிறார். எனவே முதல் வீட்டின் பக்கம் எங்கள் மனம் சாய்ந்திருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அம்மாவுக்காக வீட்டின் பின்பக்கத்தில் சிறு சமையலிடத்துடன் ஓர் அறை கட்டத் தம்பி எண்ணியிருக்கிறார். தம்பியின் மனைவி வார இறுதியில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் பழக்குகிறார். இவ்விரண்டுக்கும் இடமிருக்குமா?


பதில்: முள்ளியவளை – ஹூஸ்டன்

கறிவேப்பிலைக்குத் தடையிருக்க வாய்ப்பில்லை, அண்ணா. பின்வளவில் சாடியில் வைத்து, குளிருக்கு உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அறை கட்டுவதானால் சங்கத்தின் கட்டட மதிப்பீட்டுக் குழுவின் எழுத்து அனுமதி கட்டாயம். ஒரு வீட்டில் ஒரு குடும்பமே வாழலாம் என்ற நிபந்தனை பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். தனிச் சமையலிடம் போட்டால் அதை இரண்டாவது வீடாகக் கருதி மறுக்கக் கூடும். சமையலிடம் இல்லாமல், வீட்டோடு ஒட்டிய அறையாக விண்ணப்பித்தால் கிடைப்பது எளிது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து நிர்வாக சபையின் முன் விசாரணை கோரலாம் என்று 2021இல் சட்டம் வந்திருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பி அத்திவாரம் வெட்ட வேண்டாம். கட்டி முடித்த பின் இடிக்கச் சொன்ன சம்பவங்கள் உண்டு.

நடன வகுப்பைப் பொறுத்தவரை, வீட்டில் தொழில் செய்வது பற்றிய பந்தியைத் தேடி, அதன் சொற்களை அப்படியே பார்க்க வேண்டும். சில பத்திரங்கள் விளம்பரப் பலகையும் வெளியாள் வேலைக்கு வருவதும் இல்லாவிட்டால் அனுமதிக்கின்றன. சில வாடிக்கையாளர் வருவதையே தடுக்கின்றன. சனிக்கிழமை காலையில் பத்து வாகனங்கள் தெருவில் நின்றால் முறைப்பாடு வரும் என்பதில் ஐயமில்லை. சிறு தொகுதிகளாகப் பிரித்து, வாகனங்களை வீட்டு முன்றலில் உள்ள வாகனப் பாதையிலேயே நிறுத்தும்படி பெற்றோரிடம் சொன்னால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அந்த வகுப்பின் வருமானத்தை நம்பித்தான் மாதத் தவணை கட்டப் போகிறார்கள் என்றால், பதில் எழுத்தில் கிடைக்கும்வரை கையெழுத்திட வேண்டாம்.

காலக்கெடுவை மறந்து விடாதீர்கள். டெக்சாஸில் வீடு வாங்கும் ஒப்பந்தத்தோடு வழக்கமாகச் சேர்க்கும் சங்க இணைப்புப் பத்திரத்தின்படி, சங்கத்தின் ஆவணங்கள் கைக்குக் கிடைத்து 3 நாட்களுக்குள், உறுதி முடிவதற்கு முன், வாங்குபவர் ஒப்பந்தத்திலிருந்து விலகி முற்பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்த 3 நாட்களும் வேலை நாட்களாக அமைந்தால் வாசிக்க நேரமே இராது. ஆகையால் நிபந்தனைப் பத்திரம், யாப்பு, நடப்பு ஆண்டின் வரவு செலவுத் திட்டம், ஒதுக்கு நிதியின் இருப்பு, சங்கத்துக்கு எதிரான வழக்கு எதுவும் உண்டா என்ற விபரம் ஆகியவற்றை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சங்கம் வழங்கும் மறுவிற்பனைச் சான்றிதழில் இவற்றுள் பெரும்பாலானவை இருக்கும். அதற்கு 375 டொலருக்கு மேல் சங்கம் அறவிட முடியாது. பத்திரம் கிடைத்ததும் தொழில் பற்றிய பந்தியையும் கட்டடம் பற்றிய பந்தியையும் இங்கே எழுதினால், நான் என் குடியிருப்பின் பத்திரத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.